மருத்துவமனையில் நம் பேரேடு

சங்கத்தில் அங்கத்தினராகச் சேர்ந்த ஒவ்வொருவரிடமும் ஒரு பாஸ் புத்தகம் உண்டு. நெசவாளராயின், வாங்கிய பாவும் ஊடையும், ஒப்படைத்த சேலைகளும், கூலியிற் பிடித்த சேமிப்பும் அதில் எழுதப்பட்டிருக்கும். பயிர் செய்வோராயின், பெற்ற கடனும், கட்டிய தவணையும், நிற்கும் பாக்கியும் இருக்கும். இதே கணக்கு சங்கத்தின் பேரேட்டிலும் உள்ளது. இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்து ஒத்துப் பார்ப்பது ஆய்வாளனின் முதல் வேலை. அவ்வாறு ஒத்துப் பார்க்க முடிகிறது என்பதனாலேயே சங்கத்தின்மீது அங்கத்தினருக்கு நம்பிக்கை நிலைக்கிறது.

இக்காலத்தில் நம்மிற் பலருக்கு இன்னொரு பேரேடும் திறக்கப்பட்டிருக்கிறது. அது நாம் கேட்டுத் திறந்தது அன்று; பெரும்பாலோர் அதனைக் கண்ணாற் பார்த்ததும் இல்லை. மருத்துவமனையின் பதிவுச் சாளரத்தில் பெயரும் வயதும் கைப்பேசி எண்ணும் சொன்ன மாத்திரத்தில் அது பிறந்துவிடுகிறது. பின்னர் இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, எடுத்த படங்கள், கொடுத்த மாத்திரைகள், செய்த அறுவைச் சிகிச்சை, மருத்துவர் கொண்ட ஐயம் என்று ஒவ்வொன்றாகக் கணினியில் ஏறுகின்றன. மின்னணு மருத்துவப் பதிவேடு என்பது இதுவே.

மருத்துவமனைக்குப் போகாதவருக்கும் இது வாய்க்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தின்படி, தன்னார்வப் பெண்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகின்றனர். தறிக்குழியை விட்டு எழுவதற்கு முன்பே கணக்கு எழுதப்பட்டு விடுகிறது. கருவுற்ற தாய்மார் பதிவு செய்துகொள்ளும் பிக்மி எண்ணையும் நாம் அறிவோம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் கேட்கப்படுகிறது. ஆகவே, இந்தப் பேரேடு நகரத்துச் செல்வர்க்கு உரியது, நமக்கு இதிற் சம்பந்தமில்லை என்று இருந்துவிடுதல் இயலாது.

முதலில் இதனால் விளையும் நன்மையைப் பார்ப்போம். நெடுநாள் தறியில் உழைத்த முதியவர் ஒருவர் இருதய நோய்க்காக, இரத்தம் உறையாதிருக்கும் மாத்திரை உண்டு வருகிறார் என்று கொள்வோம். அவர் வெளியூரில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நினைவு தடுமாறிய நிலையில் அயலூர் மருத்துவமனையிற் சேர்க்கிறார்கள். அறுவைச் சிகிச்சை செய்யப்போகும் மருத்துவர் அந்த மாத்திரையைப் பற்றி அறியாவிடில் இரத்தப்பெருக்கை நிறுத்துவது அரிதாகிவிடும். உடன் வந்த மகனிடம் கேட்டால், “வெள்ளை மாத்திரை, சின்னதாக இருக்கும்” என்பான். உலகத்து மாத்திரைகளிற் பாதி வெள்ளையாகவும் சின்னதாகவுமே இருக்கின்றன. சொந்த ஊர் மருத்துவமனையின் பதிவேடு அந்த நேரத்தில் அயலூர் மருத்துவரின் கண்முன் வருமாயின், அது உயிர் காக்கும் தாள். பெனிசிலின் ஒவ்வாமை உடையவர்க்கும், சிறுநீரகம் தளர்ந்திருக்கும் சர்க்கரை நோயாளர்க்கும் இவ்வாறே. மேலும், கணினியில் அச்சாகும் மருந்துச் சீட்டில் கையெழுத்துச் சிக்கல் இல்லை. மருந்துகளின் பொதுப்பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்துக்களில் எழுதுக என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இல் விதியே செய்ய வேண்டியிருந்தது என்றால், பழைய சீட்டுகளின் அழகைத் தனியே விவரிக்க வேண்டுவதில்லை.

இந்தப் பதிவேடுகள் ஊர் விட்டு ஊர் செல்வதற்காகவே மத்திய அரசு 2021 செப்டம்பர் 27 அன்று ‘ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்’ என்னும் ஏற்பாட்டை நாடு முழுமைக்கும் தொடங்கியது. அதன்படி விரும்பும் ஒவ்வொருவருக்கும் 14 இலக்கம் கொண்ட ‘ஆபா’ எண் தரப்படுகிறது. இதனைக் காப்பீட்டு அட்டை என்று பலர் எண்ணியிருக்கின்றனர். அது பிழை. இவ்வெண் காட்டினால் மருத்துவமனையில் ஒரு ரூபாயும் குறையாது. இது பேரேட்டின் பக்க எண் போன்றதே. பல மருத்துவமனைகளிற் சிதறிக் கிடக்கும் நம் கணக்குகளை ஒரே பெயரில் இணைப்பதற்கு உதவுவது.

இந்த ஏற்பாட்டில் அங்கத்தினர் மனத்திற் கொள்ளத்தக்க செய்திகள் சில உண்டு. நம் பதிவுகள் யாவும் தில்லியில் ஒரே பெட்டகத்திற் குவிக்கப்படுவதில்லை. எந்த மருத்துவமனையில் எழுதப்பட்டனவோ அங்கேயே இருக்கின்றன. வேறொரு மருத்துவர் பார்க்க வேண்டுமானால் நம் சம்மதம் கேட்கப்படும். எந்தப் பதிவை, எத்தனை காலத்திற்கு என்று வரையறுத்துச் சம்மதம் தரலாம். தந்ததைத் திரும்பப் பெறவும் செய்யலாம். எண் பெறுவது கட்டாயம் அன்று. எண் இல்லை என்பதற்காகச் சிகிச்சை மறுக்கவும் கூடாது. எழுத்தில் இவ்வளவும் நன்றாகவே உள்ளன. ஆயினும், சம்மதம் என்பது நடைமுறையில் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணாக இருக்கிறது. நம் ஊர்களில் கைப்பேசி பெரும்பாலும் மகனிடமோ மருமகனிடமோ இருக்கிறது. தாயின் சம்மதத்தை மகன் படித்துச் சொல்லும் இலக்கங்களே தந்துவிடுகின்றன. எதற்குச் சம்மதித்தோம் என்பதைத் தாய் அறியாள். சங்கத்துப் பொதுக்குழுவில் ஒருவர் கையை மற்றொருவர் தூக்கி வாக்களிக்க நாம் அனுமதிப்பதில்லை. இங்கேயும் அந்த முறை வேண்டும். இலக்கங்களைச் சொல்லுமுன், யார் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார் என்பதை உரியவரிடம் சொல்லிய பிறகே சொல்லுதல் வேண்டும். கணினி மையத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் கைப்பேசியையே ஒப்படைத்துவிட்டுத் தேநீர் அருந்தப் போவது தகாது.

நிற்க. சங்கப் பேரேட்டுக்கும் மருத்துவப் பேரேட்டுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அதனை ஆய்வுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

சங்கக் கணக்கில் ஒரு பற்றுக்கு ஒரு வரவு உண்டு. 140 ரூபாயை 410 என்று குமாஸ்தா எழுதிவிட்டால் அன்று மாலையே ரொக்கம் உதைக்கும். அன்று தப்பினாலும் ஆண்டு முடிவில் ஐந்தொகை காட்டிக் கொடுத்துவிடும். மருத்துவப் பதிவேட்டில் ஐந்தொகை இல்லை. 140 என்ற சர்க்கரை அளவை 410 என்று ஒருவர் ஏற்றிவிட்டால், அதனை எதிர்த்து நிற்கும் வரவு எங்கும் இல்லை. தவறு அமைதியாகத் தங்கிவிடும். தங்குவதோடு நில்லாமல், அடுத்த முறை வரும்போது முந்தைய குறிப்பை அப்படியே படியெடுத்து ஒட்டும் வழக்கத்தால் பக்கத்துக்குப் பக்கம் தொடர்ந்து வரும். நான்காவது பக்கத்திற்கு வரும்பொழுது, நான்கு முறை எழுதப்பட்டது என்பதனாலேயே அது உண்மை என்ற மதிப்பையும் பெற்றுவிடும். கையால் எழுதிய காலத்தில் பிழை ஒரு சீட்டோடு தொலைந்தது. இப்போது அது பாதுகாப்பாகச் சேமிக்கப்படுகிறது.

பெயர்க் குழப்பமும் அப்படிப்பட்டதே. ஒரே குலதெய்வத்தின் பெயரைத் தெருவுக்கு ஐந்து பேர் தாங்கி நிற்கும் ஊர்கள் நம்முடையவை. சங்கத்தில் அங்கத்தினர் எண்ணையும் தகப்பனார் பெயரையும் சேர்த்துப் பார்த்தே கூலி பட்டுவாடா செய்கிறோம். மருத்துவமனையிலும் நோயாளியை அடையாளம் காணக் குறைந்தது இரண்டு குறிகளை ஒப்பிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் 2007இல் வெளியான நோயாளர் பாதுகாப்பு வழிமுறை கூறுகிறது. கூட்டம் நெருக்கும் சாளரத்தில் பெயரை மட்டும் கேட்டு ஏட்டைத் திறந்துவிடுவது எளிது. அப்போது, “என் தகப்பனார் பெயரையும் பிறந்த தேதியையும் பாருங்கள்” என்று நாமே சொல்லிவிடுதல் நலம். எழுத்தர் முகம் சுளித்தாலும் பொருட்படுத்த வேண்டுவதில்லை. இன்னொருவர் இரத்தப் பரிசோதனை நம் பெயரில் ஏறுவதை விட அது மேல்.

ஐந்தொகை இல்லாத ஏட்டுக்குத் தணிக்கையாளர் ஒருவரே இருக்க முடியும். ஏட்டுக்கு உரியவர்தாம் அவர். ஆதலின் வீடு திரும்பும் நாளில் தரப்படும் சுருக்கக் குறிப்பை மடித்து மஞ்சட்பையிற் போடுவதற்கு முன் படிக்க வேண்டும்; படிக்க இயலாதவர் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வயது, இரத்தப் பிரிவு, ஒவ்வாத மருந்து, உண்டுவரும் மாத்திரைகள், அறுவை செய்த பக்கம் இடமா வலமா என்பவற்றை நாமே சரிபார்க்க முடியும். இதற்கு மருத்துவக் கல்வி வேண்டுவதில்லை. தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று பொதுவாக எழுதுவதையும் மாற்றச் சொல்லலாம். பஞ்சுத் தூசியில் இருந்தவரா, பூச்சிமருந்து தெளித்தவரா, சாயப்பட்டறையில் நின்றவரா என்பது இருமலுக்கும் தோல் நோய்க்கும் காரணம் தேடும் மருத்துவருக்கு மிக வேண்டிய செய்தி. பிழை கண்டால் திருத்தம் கேட்கலாம். திருத்தும்போது பழையதை அழித்துவிடுதல் கூடாது. நம் ரொக்கப் புத்தகத்தில் கோடிட்டுச் சுருக்கொப்பம் இடுவது போல, எது மாற்றப்பட்டது, யார் மாற்றினார், எப்பொழுது மாற்றினார் என்ற தடம் இருத்தல் வேண்டும்.

‘கேட்டால் தருவார்களா?’ என்று வினவலாம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளின்படி, உள்நோயாளியின் மருத்துவப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருத்தல் வேண்டும். நோயாளியோ அவரது அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்தில் ஆவணங்களைத் தர வேண்டும். மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் திருத்தி வெளியிட்ட மின்னணுப் பதிவேட்டுத் தரங்கள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. பதிவில் அடங்கிய செய்தி நோயாளிக்கே சொந்தம். மருத்துவமனை அதனை நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருக்கிறது என்பது அவற்றின் கருத்து. அங்கத்தினரின் வைப்புத் தொகையைச் சங்கம் வைத்திருப்பது போலவே என்று நாம் பொருள் கொள்ளலாம்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசத் தொடங்கியவுடன் எல்லோரும் வெளித் திருடனைப் பற்றியே பேசுகின்றனர். என் அனுபவத்தில், சங்கங்களிற் பணம் கூரையைப் பிரித்து இறங்கியவனால் போனதைக் காட்டிலும் சாவி வைத்திருந்தவனால் போனதே மிகுதி. மருத்துவப் பதிவேட்டிலும் முதலிற் பார்க்க வேண்டியது சாவிக்கொத்தைத்தான்.

போர்ச்சுக்கல் நாட்டில் பாரெய்ரோ என்னும் ஊரின் மருத்துவமனையில் 2018இல் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ஆய்வு நடத்தியது. அங்கே பணிபுரிந்த மருத்துவர்கள் 296 பேர். கணினியில் மருத்துவருக்குரிய உரிமையோடு உயிருடன் இருந்த கணக்குகளோ 985. மருத்துவரல்லாத சமூகநலப் பணியாளர்களுக்கும் மருத்துவர் பார்க்கும் அளவுக்கே ஏடுகள் திறந்திருந்தன. ஆணையம் 4,00,000 யூரோ அபராதம் விதித்தது. இச்செய்தியைப் படித்தபோது எனக்கு அந்நிய நாட்டுச் செய்தியாகவே தோன்றவில்லை. இறந்தவரும் ஊரை விட்டுப் போனவரும் அங்கத்தினர் பட்டியலில் நிலைத்து வாழும் சங்கங்களை நாம் பார்த்ததில்லையா? வேலையை விட்டுப் போனவரின் சாவியை அன்றே வாங்கிக்கொள்ளாமல் விட்டதன் பயன் 985. மருத்துவமனைகளை நடத்தும் கூட்டுறவு அன்பர்கள் எவரேனும் இதனைப் படிப்பின், முதலில் இந்த ஒரு எண்ணிக்கையை எடுத்துப் பார்ப்பார்களாக: பணியில் இருப்போர் எத்தனை, திறந்திருக்கும் கணக்குகள் எத்தனை?

நெதர்லாந்தில் ஹேக் நகரத்து ஹாகா மருத்துவமனையில் புகழ்பெற்ற பெண்மணி ஒருவர் சேர்க்கப்பட்டபோது, அவருடைய சிகிச்சையோடு தொடர்பில்லாத ஊழியர் பலர் அவரது ஏட்டைத் திறந்து பார்த்துவிட்டனர். திருட வேண்டும் என்ற எண்ணம் அங்கே இல்லை, வெறும் ஆவல். நாலு பேர் கூடும் இடத்தில் பேசுவதற்கு ஒரு விஷயம். 2019இல் அந்த மருத்துவமனைக்கு 4,60,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. பின்னர் நீதிமன்றம் அதனை 3,50,000 ஆகக் குறைத்தது. யார் யார் திறந்தார்கள் என்ற பதிவு கணினியில் இருந்தது. அதனைத் தவறாமல் எடுத்துப் பார்க்கும் ஏற்பாடு போதவில்லை. வருகைப் பதிவேடு வைத்திருப்பது வேறு, அதனைப் பார்ப்பது வேறு.

எஸ்டோனியா என்ற சிறு நாடு இதற்கு வேறு வழி கண்டிருக்கிறது. 2008 முதல் நாடு முழுதும் மின்னணு மருத்துவ ஏடு நடைமுறையில் உள்ள அந்நாட்டில், தம் ஏட்டை எந்த மருத்துவர் எப்போது திறந்தார் என்பதை ஒவ்வொரு குடிமகனும் தாமே பார்த்துக்கொள்ள முடியும். வேண்டுமானால் சில பதிவுகளை மூடி வைக்கவும் செய்யலாம். பேரேட்டைப் புரட்டியவர் பெயர் பாஸ் புத்தகத்தில் தானே வந்து விழுகிறது என்று கொள்க. நூறு எச்சரிக்கைப் பலகைகளைக் காட்டிலும் இந்த ஒரு ஏற்பாடு ஊழியரின் ஆவலை அடக்கும் என்பது என் துணிபு.

இனி வெளித் திருடன். நம் நாட்டில் யாவரும் அறிந்த நிகழ்ச்சி 2022 நவம்பர் 23 அன்று தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் நடந்தது. கணினிகளுக்குள் புகுந்த தீய நிரல் ஏடுகளை எல்லாம் எவரும் படிக்க முடியாத குறியெழுத்தாக மாற்றிவிட்டது. பூட்டை உடைத்துப் பொருளை எடுத்துப் போவதற்கு மாறாக, நம் வீட்டுக்கு அவன் பூட்டைப் போட்டுவிட்டுச் சாவிக்கு விலை கேட்கும் திருட்டு இவ்வகை. புறநோயாளர் பதிவு, பரிசோதனை முடிவு, சேர்க்கை, விடுவிப்பு யாவும் மீண்டும் காகிதத்திற்கும் பேனாவிற்கும் வந்தன. நாட்டின் தலைசிறந்த மருத்துவமனை ஏறத்தாழ இரண்டு வாரம் அவ்வாறே நடந்தது. பின்னர் நாடாளுமன்றத்தில் அரசு தந்த விளக்கத்தின்படி 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் அளவுள்ள தகவல் பூட்டப்பட்டது. உள்வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாதிருந்ததே காரணமாகக் கூறப்பட்டது. நம் ஊர்ப் பேச்சில் சொல்வதானால், இடைச்சுவர் இல்லாமல் ஒரே ஓலைக் கூரையின்கீழ் வரிசையாக வீடுகளைக் கட்டியது போன்றது அது. ஒரு மூலையிற் பொறி விழுந்தால் வரிசை முழுதும் எரியும்.

ஆயினும் அங்கே ஒரு நன்மை இருந்தது. பாதிக்கப்படாத மாற்றுச் சர்வர் ஒன்றில் படி இருந்தது. அதிலிருந்தே பதிவுகள் மீட்கப்பட்டுப் புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டன. மூன்று படிகள் இருக்கட்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்று வேறிடத்தில் இருக்கட்டும் என்பது இத்துறையாரின் பழைய விதி. வெள்ளம் புகுந்த ஊர்களில் பேரேட்டையும் அதன் நகலையும் ஒரே பீரோவில் வைத்திருந்த சங்கங்கள் பட்ட பாட்டை நினைத்தால் இவ்விதியின் அருமை விளங்கும். அந்தப் படியிலிருந்து மீட்க முடிகிறதா என்று இடையிடையே சோதித்தும் பார்க்க வேண்டும். திறந்தே பாராத பெட்டகத்தில் நகல் இருக்கிறது என்று நம்புவது கணக்கு ஆகாது.

இங்கிலாந்தில் 2017 மே 12 அன்று ‘வான்னாகிரை’ என்ற நிரல் பரவியபோது, 236 மருத்துவ அறக்கட்டளைகளில் 80 பாதிக்கப்பட்டன. அதனைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது, போட்டுக்கொள்ளாதவர் அகப்பட்டனர். அயர்லாந்தில் 2021 மார்ச் 18 அன்று ஓர் ஊழியர் மின்னஞ்சலோடு வந்த கோப்பு ஒன்றைத் திறந்தார். எட்டு வாரம் ஓசையின்றி உள்ளே உலவிய திருடர், மே 14 அன்று நாட்டின் பொதுச் சுகாதார நிறுவனத்தின் கணினிகளைப் பூட்டினர். முழுமையாகச் சீராகச் செப்டம்பர் ஆயிற்று.

பூட்டுவது ஒரு கொடுமை என்றால், பரப்பிவிடுவேன் என்று அச்சுறுத்துவது அதனினும் கொடுமை. பின்லாந்தில் வாஸ்தாமோ என்ற மனநலச் சிகிச்சை நிறுவனத்தின் ஏடுகள் உரிய காவலின்றி இருந்து களவு போயின. சுமார் 33,000 பேர், வீட்டாரிடமும் சொல்லாதவற்றை மனநல ஆலோசகரிடம் சொல்லியிருந்தனர். 2020இல் திருடன் முதலில் நிறுவனத்திடமும், பின்னர் நோயாளிகள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பணம் கேட்டு மிரட்டினான். மறு ஆண்டு அந்த நிறுவனம் திவாலாயிற்று. குற்றவாளிக்கு 2024இல் ஆறு ஆண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. திருட்டுப்போன பணத்தை வழக்காடி மீட்கலாம். தொலைந்த பசுவையும் மீட்கலாம். வெளியே போன இரகசியத்தை எந்த நீதிமன்றமும் மீட்டு உள்ளே வைக்க முடியாது. காசநோய் இருந்தது என்பதும், மனநோய்க்கு மருந்து உண்டார் என்பதும், கரு கலைந்தது என்பதும் ஒரு தெருவில் ஒரு குடும்பத்தின் பெண்ணெடுப்பையும் பெண்கொடுப்பையும் எவ்வாறு நிறுத்திவிடும் என்பதை நம் அங்கத்தினர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

சட்டம் இதனைக் கவனியாமல் இல்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒருவரது நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரின் இரகசியத்தையும், தம் ஏட்டைத் தாம் பெறும் உரிமையையும் தனித்தனிப் பிரிவுகளிற் கூறுகிறது. 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், காவல் தவறியவர்க்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் வைக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு விதிகள் மருத்துவச் செய்திகளைத் தனிக் கவனத்துக்குரியவை என்று வகைப்படுத்தின. புதிய சட்டத்தில் அவ்வகைப் பிரிவு இல்லை. நோயின் விவரமும் கைப்பேசி எண்ணும் ஒரே தட்டில் நிற்கின்றன. இது குறை என்றே நான் கருதுகிறேன்.

மருத்துவமனைகளைப் பற்றியே இதுவரை பேசினோம். நம் சங்கத்துப் பீரோவையும் திறந்து பார்க்க வேண்டும்.

கர்நாடகத்தில் 2003இல் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்க்கென ‘யசஸ்வினி’ என்ற மருத்துவத் திட்டம் தொடங்கியது. 2018இல் வேறு திட்டத்தோடு இணைக்கப்பட்ட அது, 2022இல் மீண்டும் அறிவிக்கப்பட்டது. அதில் அங்கத்தினரைச் சேர்ப்பது ஊர்ச் சங்கங்களின் வழியாகவே. நம் மாநிலத்திலும் காப்பீட்டு விண்ணப்பம், மருத்துவ உதவி, இறந்தோர் குடும்ப நிதி என்று ஏதேனும் ஒரு காரணத்தால் அங்கத்தினரின் மருத்துவமனைத் தாள்கள் சங்க அலுவலகத்துக்கு வருகின்றன. ஆய்வுக்குச் செல்லுமிடங்களில் ரொக்கப் பெட்டிக்கு இரட்டைப் பூட்டு இருக்கக் காண்கிறேன். அதே அறையில், அங்கத்தினரின் கருப்பை அறுவைச் சிகிச்சைக் குறிப்பு நூல்கட்டோடு மேசைமேற் கிடப்பதையும் சில இடங்களிற் கண்டிருக்கிறேன். நகலெடுக்கும் கடையில் மறந்துவிட்ட தாள்களும், சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் “இவருக்கு உதவி அனுமதிக்கப்பட்டது” என்ற செய்தியோடு ஏற்றப்பட்ட மருத்துவச் சான்றின் படமும் இவ்வகையைச் சேர்ந்தவையே. குழுவில் ஏறிய படம் இருநூறு கைப்பேசிகளில் இருக்கிறது. எழுத்தர் தம் கைப்பேசியில் அழித்துவிடுவதால் என்ன பயன்?

நிர்வாகக் குழுவின் தீர்மானப் புத்தகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உதவி கோரும் அங்கத்தினரின் நோயின் பெயரைத் தீர்மானத்தில் எழுதும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. அது வேண்டா. ‘மருத்துவச் சான்று பார்வையிடப்பட்டது, விதிப்படி தகுதி உண்டு’ என்ற அளவில் எழுதினாற் போதும். தணிக்கைக்கு அதுவே ஆதாரமாகும். சான்றைப் பார்வையிட்டவர் இருவர் கையொப்பமிட்டால் மேலும் நன்று. குழுக்கூட்டத்தில் நோயின் பெயரை உரக்கப் படிப்பதையும் விட்டுவிடலாம். குழுவில் இருப்பவர்கள் அவரது தெருக்காரர்கள், சம்பந்திகளாகவும் இருக்கக்கூடும்.

தாள்களை வைப்பதற்குத் தனி உறையும், உறைமேல் அங்கத்தினர் எண்ணும் மட்டும் போதும். பெயரும் நோயும் உறைமேல் வேண்டுவதில்லை. சாவி செயலாளரிடம் இருக்கட்டும். எடுத்தவர், எடுத்த தேதி, காரணம் ஆகியவற்றை எழுத ஒரு சிறு நோட்டு உறைகளோடு இருக்கட்டும். கணினியில் ஏற்றும் சங்கங்களில் எழுத்தர்க்கும் செயலாளர்க்கும் தனித்தனிக் கடவுச்சொல் வேண்டும். திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்த கடவுச்சொல்லைப் பெருக்க வரும் பையனும் படிப்பான். காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிய கோரிக்கை முடிவானதும், மூலச் சான்றுகளை அங்கத்தினரிடமே திருப்பித் தந்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி, அந்த இரசீதை மட்டும் கோப்பிற் சேர்த்தல் வேண்டும். வரும் காலாண்டு ஆய்விலிருந்து, ரொக்கக் கையிருப்பையும் நூல் இருப்பையும் பார்த்தபின் இந்த உறைகளையும் நோட்டையும் பார்வைக்குக் கேட்பதாக இருக்கிறேன். செயலாளர்கள் இப்போதே பீரோவின் ஒரு தட்டை இதற்கென ஒழித்து வைக்கலாம்.